பனிக்காலத்து எறும்புகள்

சவுனா என்ற நீராவிக் குளியலும் பைன் மரத் தாரும் சாராயமும் தீர்க்காத நோய்க்குச் சவப்பெட்டிதான் மருந்து என்பது பின்லாந்துக்காரர்களின் பழைய வாக்கு. பத்து வயதில் பெற்றோரோடு கப்பலேறி கனடாவுக்கு வந்தபோது ஹில்கா கொண்டுவந்த சொத்தில் அதுவும் ஒன்று. இப்போது அவளுக்கு எழுபத்தெட்டு வயது. கணவர் ஆர்வோவுக்கு எண்பத்திரண்டு. மறதி நோய் என்று தெரிந்த அன்றே டாக்டர் அவருக்குச் சாராயத்தை நிறுத்திவிட்டார். மிச்சமிருந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் ஹில்கா எறும்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த எறும்புகளை ஆர்வோவைத் தவிர வேறு யாரும் அறிய மாட்டார்கள். அக்டோபர் கடைசியில் ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக்குள் கையை விட்டு வயிற்றைப் பறட்டுப் பறட்டென்று சொறிந்தார்.

"எறும்பு நடக்குது."

ஹில்கா சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். தோல் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

"ஒண்ணும் இல்லையே."

"நடக்குதுன்னு சொல்றேன்ல."

"எங்க நடக்குது? வெளிய பாரு, கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. இந்தப் பனியில எறும்பா? உனக்கென்ன பைத்தியமா, கிழவா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறதி நோய்க்காரரிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் ஐம்பத்துநாலு வருடமாக அந்த வீட்டில் கொஞ்சலும் அதுதான், திட்டும் அதுதான். நோய் வந்துவிட்டது என்பதற்காக வாய் மாறிவிடுமா என்ன.

நாற்பது வருடம் தண்டர் பே நகரத்துக் காகித ஆலையில் ஆர்வோ ஆங்கிலத்தில்தான் சண்டை போட்டார். நோய் அவரிடமிருந்து முதலில் பிடுங்கிக்கொண்டது அந்த ஆங்கிலத்தை. இப்போது அவர் பேசுவது தாய்மொழியான பின்னிஷ் மட்டும். நகரத்தில் வேலை பார்க்கும் மகள் மார்லீனுக்கு அதில் பாதி புரியும். டாக்டர்களுக்கும் நர்ஸுக்கும் ஒரு சொல்கூடப் புரியாது. ஆகவே ஆர்வோ உலகத்திடம் எதைச் சொல்ல நினைத்தாலும் அது ஹில்காவின் வாய் வழியாகத்தான் போக வேண்டும்.

"என்ன சொல்றார்?" என்று கிளினிக் டாக்டர் கேட்டார்.

"எறும்பு இருக்காம், டாக்டர்." சொல்லும்போது ஹில்கா சிரித்துவிட்டாள்.

டாக்டரும் சிரித்தார். இந்த நோயில் இல்லாதது இருப்பதாகத் தோன்றும், பயப்படாதீர்கள் என்றார். வயதானால் தோல் வறண்டுபோகும் என்று ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார். மார்லீன் தன் பங்குக்கு, முதியோர் இல்லத்துக்கு அனுப்பியிருந்த விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்தாள்: 'இல்லாதவற்றைப் பார்க்கிறார்.'

அந்த விண்ணப்பம்தான் ஹில்காவின் தொண்டையில் சிக்கிய முள். செப்டம்பரில் ஆர்வோ வீட்டுச் செருப்போடு நெடுஞ்சாலைக்கு நடந்துபோய்விட்டார். ஒரு லாரிக்காரர் கூட்டிவந்து விட்டார். அன்றைக்கு மார்லீன் ஒரே முடிவாகச் சொன்னாள்: "இன்னொண்ணு மட்டும் நடக்கட்டும், அம்மா. அப்புறம் நீ பேசக் கூடாது. அப்பா இல்லத்துக்குப் போயாகணும்." ஹில்கா சரி என்று தலையாட்டியிருந்தாள். இல்லம் நகரத்தில், நாற்பது நிமிடத் தூரம். பனியில் வண்டி ஓட்டுவதை அவள் விட்டு மூன்று வருடம் ஆகிறது. அங்கே பின்னிஷ் தெரிந்தவர் ஒரே ஒருவர் இருந்தார், அவரும் போன வருடம் போய்ச்சேர்ந்தார். அந்த இடத்தில் ஆர்வோ தாகம் என்றால் யார் தண்ணீர் கொடுப்பது?

எனவே எறும்பை அவளே பார்த்துக்கொள்வதென்று முடிவு செய்தாள். கையில்தான் சவுனா இருக்கிறதே. வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஆர்வோ தன் கையால் கட்டிய மர அறை. சனிக்கிழமை நாலு மணிக்கு விறகு மூட்டினால் ஐந்து மணிக்குக் கற்கள் தகதகக்கும். ஹில்கா பைன் தார் சோப்பைப் போட்டு அவரைத் தேய்த்தாள், பிர்ச் மரத்து இலைக் கொத்தால் முதுகில் தட்டினாள், அகப்பையால் கற்கள் மேல் தண்ணீர் ஊற்றினாள். வெளியே வந்த பிறகு ஒரு மணி நேரம் ஆர்வோ சொறியாமல் உட்கார்ந்திருந்தார். சூடுதான் எறும்பை விரட்டுகிறது என்று ஹில்காவுக்குப் புரிந்துபோயிற்று. தப்பாகப் புரிந்தாலும் புரிந்தது புரிந்ததுதானே. வாரத்துக்கு வாரம் விறகும் தண்ணீரும் ஏறின.

பிப்ரவரி இரண்டாவது வாரம் ஆர்வோ படாத பாடு பட்டார். ஓரிடத்தில் உட்காரவில்லை, சொறிவதைத் தடுத்த ஹில்காவின் கையைத் தட்டிவிட்டார், ஒருமுறை அடிக்கவும் கையோங்கினார். சனிக்கிழமை அவள் வழக்கத்தைவிட மூன்று அகப்பை கூடுதலாக ஊற்றினாள்.

ஞாயிறு காலை அவருக்கு உள்ளுடுப்பு மாற்றும்போது பார்த்தாள். உள்தொடையிலும் அடிவயிற்றிலும் முன்கையின் உட்பக்கத்திலும் கொப்புளங்கள். ஒவ்வொன்றும் காசளவு, தண்ணீர் கோத்து விண்ணென்று நின்றன.

கட்டிய புருஷனை வேகவைத்துவிட்டேனே என்பதுதான் முதல் நினைப்பு. அடுத்த நினைப்பு மார்லீன். இன்னொண்ணு மட்டும் நடக்கட்டும் என்று சொல்லியிருந்தாளே. இதோ நடந்துவிட்டது.

கொப்புளங்களுக்குத் துணி சுற்றி, மேலே நீளக் கம்பளி உடுப்பு மாட்டிவிட்டாள். செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் நர்ஸ் டெனிஸ் வந்தாள். இரண்டு சாலை தள்ளிக் குடியிருக்கும் பிரெஞ்சுக்காரி, வாயும் கையும் ஓயாதவள்.

"ஆர்வோ எங்க?"

"இப்பத்தான் கண்ண மூடினார். எழுப்பாதீங்க. ரொட்டி சாப்பிடுங்க."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஹில்காவின் நெஞ்சு குறுகுறுத்த வேகத்தில் ஏலக்காய் ரொட்டி நாலு துண்டு டெனிஸின் தட்டுக்குப் போயிற்று. "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டுக்கொண்டே அவள் நாலையும் தின்றுவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை வந்தது. ஹில்கா விறகைத் தொடவில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு சவுனா எரியாத முதல் சனிக்கிழமை. அவள் அம்மாவை அடக்கம் செய்த சனிக்கிழமைகூட மாலையில் மூட்டினார்கள். ஆர்வோ நாலு மணிக்கே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே போய் நின்றார். என்ன கிழமை என்று தெரியாத மனிதருக்குச் சனிக்கிழமை மட்டும் எப்படியோ தெரிந்தது.

"இன்னிக்கு இல்ல, கிழவா."

"ஏன்?"

"விறகு ஈரம்."

"நான் அடுக்கின விறகு ஈரமா இருக்காது," என்றார் அவர். ஹில்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் மறந்தது ஒன்று. அந்தப் பக்கத்தில் பொய் சொன்னால் வாய் காட்டிக்கொடுக்காது, புகைபோக்கி காட்டிக்கொடுக்கும். வயலுக்கு அப்பால் குடியிருக்கும் வெல்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நேராக மார்லீனுக்குப் போன் போட்டாள்.

"மணி நாலரை ஆச்சு. உங்கம்மா சவுனால புகையே இல்ல. வீட்ல யாராவது செத்துட்டாங்களா?"

நாற்பது நிமிடப் பாதையை மார்லீன் முப்பதில் கடந்தாள். உள்ளே வந்தவள் கோட்டைக் கழற்றவில்லை. அப்பா துண்டோடு நிற்பதையும் அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னம்மா நடந்துச்சு?"

ஹில்கா ஆர்வோவின் சட்டைக் கையை மேலே ஏற்றி, துணியை விலக்கிக் காட்டினாள். மறைத்து மறைத்து அவளுக்கே அலுத்துப்போயிருந்தது.

"ஐயோ! எத்தனை நாளா?"

"ஞாயித்துக்கிழமைலேந்து."

"டெனிஸ்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சவுனாவா?"

"மூணு அகப்பை சேத்து ஊத்திட்டேன். அவர் படுற பாடு தாங்கல மார்லீன். சூடு பட்டா கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்னு…"

"அப்பாவ வேக வச்சிருக்க நீ! வேக வச்சுட்டு ஒரு வாரமா மூடி வச்சிருக்க!" மார்லீனின் குரல் உடைந்தது. "திங்கக்கிழமை இல்லத்துக்குப் போன் பண்றேன். இனிமே பேச்சில்ல."

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவள் என்ன பேசுவாள்?

மார்லீன் கூப்பிட்டதும் டெனிஸ் பனிச் சப்பாத்தோடு வந்து நின்றாள். ஆர்வோவைக் கட்டிலில் உட்கார வைத்து, துணிகளைப் பிரித்து, விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். ரொட்டி தின்ற குற்றவுணர்ச்சியோ என்னவோ, வழக்கத்துக்கு மாறாக வாய் திறக்காமல் வெகுநேரம் பார்த்தாள்.

"கடைசியா சவுனா எப்ப?"

"போன சனிக்கிழமை."

"ஏழு நாள். அப்ப இது?" முன்கையில் இருந்த ஒரு கொப்புளத்தைக் காட்டினாள். மற்றவை வாடிப் பொருக்குக் கட்டியிருக்க, அது மட்டும் பளபளவென்று நின்றது.

"இது நேத்து இல்ல. காலைலதான் வந்துச்சு."

"சுட்ட புண்ணு ஏழு நாள் கழிச்சு வராதே, ஹில்கா."

ஹில்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். ஒரு வாரமாகக் கொப்புளங்களையே பார்த்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். எழுந்துபோய் அவருடைய இடது காதைப் பிடித்தாள். மடலைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"காது நல்லா இருக்கு," என்றாள்.

மார்லீன் ஒரு நொடி திகைத்தாள், பிறகு அவளும் வந்து வலது காதைப் பிடித்தாள். சவுனாவில் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும், ஆவி மேலே போய்த்தான் கீழே இறங்கும். முதலில் சுடுவது காதை. அப்புறம் மூக்கு நுனி, தோள். ஒட்டி வைத்த உள்தொடையை வேகவைத்துவிட்டுக் காதை விட்டுவைக்கிற ஆவி எந்தச் சவுனாவிலும் கிடையாது. இது தெரியாதவளா ஹில்கா? பயம் வந்து உட்கார்ந்துகொண்டால் தெரிந்ததெல்லாம் எழுந்து வெளியே போய்விடுகிறது.

ஆர்வோ இரண்டு பெண்களையும் பார்த்தார். "என்ன, ஆளுக்கொரு காதைப் பிடிச்சுக்கிட்டு? தூக்கி அடுப்புல வைக்கப் போறீங்களா?"

மார்லீனுக்கு அது முழுசாகப் புரிந்தது. சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் கோட்டை ஒருவழியாகக் கழற்றினாள்.

திங்கட்கிழமை நகரத்து ஆஸ்பத்திரியில் தோலில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. தோல் டாக்டர் மொரேட்டி இளம் பெண். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆர்வோவுக்கு நேரே உட்கார்ந்தாள்.

"இது வெந்த புண் இல்ல. சவுனா இத உண்டாக்கல. இவரோட உடம்பைக் காக்கிற படையே இவர் தோலைத் தாக்குது. வேலியே பயிர மேயுற கதை. மேல்தோலையும் உள்தோலையும் சேத்துப் பிடிச்சிருக்கிற ஆணி மாதிரி ஒரு புரதம் இருக்கு. அந்த ஆணியப் பிடுங்குது. நடுவுல தண்ணி கோத்துக்குது, அதான் கொப்புளம்."

"எதுக்கு இவருக்குப் போயி?" என்றாள் மார்லீன்.

"அந்த ஆணியோட உறவுக்காரன் ஒருத்தன் மூளையிலயும் இருக்கான். மறதி நோய், பக்கவாதம், கை நடுக்கம்னு மூளை பழுதானவங்களுக்கு இந்தத் தோல் நோய் மத்தவங்களைவிட அதிகமா வருது. மூளை கெடுறப்ப உடம்பு அங்க அத எதிரின்னு நினைச்சுப் பழகிடுது, அப்புறம் தோல்லயும் அதே முகத்தத் தேடி அடிக்குதுன்னு ஒரு கணிப்பு. நிச்சயமா இதுதான்னு இன்னும் யாருக்கும் தெரியாது."

"அப்ப தலையில இருக்கிற நோயும் தோல்ல இருக்கிற நோயும் அண்ணன் தம்பியா?" என்று கேட்டாள் ஹில்கா.

"ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பின்னு வச்சுக்கங்க." டாக்டர் காகிதத்தைப் புரட்டினாள். "கொப்புளம் வர்றதுக்கு முன்னாடி மாசக்கணக்கா அரிக்கும். சாதாரண அரிப்பு இல்ல, ஆளையே ஓட ஓட விரட்டும். சொல்லத் தெரியாதவங்க கத்துவாங்க, அடிப்பாங்க, ஓரிடத்துல இருக்க மாட்டாங்க. எல்லாத்தையும் மறதி நோய் கணக்குல எழுதிடுவோம். இவரு ஏதாவது சொன்னாரா?"

ஹில்கா ஆர்வோவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொன்னார்," என்றாள். "எறும்பு நடக்குதுன்னார்."

"எப்பலேந்து?"

"அக்டோபர்லேந்து."

டாக்டர் குறித்துக்கொண்டாள். யாரையும் குறை சொல்லவில்லை. மார்லீன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கொள்ளிக்கட்டையைத் தலையில் சுமந்து வந்தவளிடம் இறக்கி வை என்று சொல்லியாயிற்று. ஆனால் ஹில்காவுக்கு நிம்மதி வரவில்லை. வேகவைத்திருந்தால் அது ஒரு சனிக்கிழமைத் தப்பு. இது நாலு மாதத் தப்பு. அவர் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறார். அவருக்கு இருந்த ஒரே வாய் இவளுடையது, அந்த வாய் சிரித்தது.

களிம்பைக் கொப்புளத்தில் மட்டும் போட்டால் போதாது, கழுத்திலிருந்து கால் வரை, காலையும் மாலையும். கூடவே மாத்திரை. சூடு அரிப்பைக் கூட்டும், சவுனா வேண்டுமானால் தோல் ஆறிய பிறகு, வெதுவெதுப்பாக மட்டும். மார்லீன் லீவு போட்டு இரண்டு வாரம் வந்து தங்கினாள். அம்மா முதுகுக்கும் மகள் காலுக்குமாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். பதினைந்து நாளில் புதுக் கொப்புளம் நின்றது. ஆர்வோ ராத்திரி முழுக்கத் தூங்கினார், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார், யாரையும் அடிக்கக் கையோங்கவில்லை. மறதி மட்டும் அப்படியே இருந்தது. எந்தக் களிம்பும் அதைத் தொடவில்லை.

இந்த நாட்களில் ஹில்கா ஒரு புதுப் பழக்கம் பிடித்துக்கொண்டாள். அவர் எதைச் சொன்னாலும் இல்லை என்று ஆரம்பிப்பதை விட்டுவிட்டு, 'எங்க, காட்டு' என்று ஆரம்பித்தாள். பாதி நேரம் ஒன்றும் இருக்காது. ஒருமுறை முதுகில் குத்துகிறது என்றார். பார்த்தால் மார்லீன் புதுச் சட்டையில் குண்டூசியை எடுக்காமல் மாட்டிவிட்டிருந்தாள்.

மார்ச் கடைசியில் இல்லத்திலிருந்து போன் வந்தது. ஒரு படுக்கை காலியாகியிருக்கிறது, நாளைக்குள் பதில் வேண்டும். மார்லீன் சமையலறையில் நின்று பேசினாள். ஹில்கா கூடத்தில் ஆர்வோவின் தோளுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். கை தடவியது, காது அங்கே இருந்தது.

"ஆமா, நான் அனுப்பினதுதான்… என்ன வரி?… 'இல்லாதவற்றைப் பார்க்கிறார்'…"

சமையலறையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அத அடிச்சிடுங்க. தப்பா எழுதிட்டேன். அவர் சொன்னது எல்லாம் இருந்துச்சு. நாங்கதான் பாக்கல." பிறகு, "இல்ல, இப்ப வேண்டாம். அடுத்தவங்களுக்குக் கொடுங்க," என்றாள்.

அந்த 'இப்ப' ஹில்காவின் காதில் விழாமலில்லை. விழட்டும். எண்பத்திரண்டு வயதில் யாருக்குத்தான் இப்ப என்பதைத் தவிர வேறு கையிருப்பு இருக்கிறது? அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்துப் பழக்கமில்லை. ஹில்கா கையைத் துடைத்துக்கொண்டு போய் மகளுக்குக் காப்பி ஊற்றினாள், ரொட்டியில் தடித்த துண்டாக வெட்டிப் பக்கத்தில் வைத்தாள்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை சவுனாவைப் பாதி விறகில் மூட்டினாள். ஐந்து நிமிடத்தில் வெல்மாவிடமிருந்து போன்.

"புகை தெரியுது. ஆனா நோஞ்சானா இருக்கே?"

"டாக்டர் சொன்ன அளவு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இருவரும் மேல் பலகைக்கு ஏறாமல் கீழ்ப் பலகையில் உட்கார்ந்தார்கள். கற்கள் முனகின, அவ்வளவுதான். சின்ன ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்தது. வெளியே பனி இன்னும் முழங்கால் அளவு கிடந்தது. ஆர்வோவின் தொடையில் பழைய கொப்புளங்கள் இருந்த இடமெல்லாம் வெளிர் வட்டங்களாக இருந்தன. ஹில்கா அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பல நாளாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட இதைவிட நல்ல இடம் கிடையாது.

"நான் உன்ன நம்பல, கிழவா. மன்னிச்சுடு."

"என்னத்த நம்பல?"

"எறும்ப. உடம்புல எறும்பு நடக்குதுன்னியே. நான் கேக்கல."

ஆர்வோ அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு பரவிற்று.

"இந்தப் பனியில எறும்பா? உனக்கென்ன பைத்தியமா, கிழவி?"

ஹில்கா சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினாள்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. இவளை ஏதோ படுத்துகிறது என்பது மட்டும் புரிந்தது. அவளுடைய கையை எடுத்து, வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒவ்வோர் இடமாகத் தேடினார்.

"எங்க நடக்குது? காட்டு."

ஹில்கா முழங்கைப் பக்கம் ஓரிடத்தைக் காட்டினாள். அவர் கட்டைவிரலால் அந்த இடத்தை மெல்லத் துடைத்துவிட்டு, குனிந்து ஊதினார்.

"போயிடுச்சு," என்றார்.